ஒரு பெயருக்கு இரண்டு மாமா

டிரைட்டன் சுற்றுப்பாதை ஆய்வு நிலையம். பொறுப்பாளர் பதிவேடு.
எழுதுபவர்: கொம்பையா.

நிலைய நேரம் 06:10. வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுத்துப் படிக்கப்போகும் மகாசனங்களே! நெப்டியூன் சாட்சியாக, அதன் நிலா டிரைட்டன் சாட்சியாக, என் காலில் கிடக்கும் துவைக்காத காலுறை சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: இன்று நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். தினமும் இப்படித்தான் தொடங்குகிறேன். தினமும் யாரும் நம்புவதில்லை. ஆக, சத்தியம் தவறியவன் என்று என்மேல் ஒரு புகாரும் கிடையாது.

காலையில் டிரைட்டனின் பனி ஊற்று ஒன்று சீறி எழுந்து நிலையத்தின் அடிவயிற்றில் மோதியது. நிலையம் பம்பரமாகச் சுழன்றது. ஒற்றைக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நெப்டியூனைப் பிடித்து நிறுத்தினேன். மறுகையில் காப்பி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அலுவல் விவரம்: ஊற்று எட்டவில்லை. காப்பி சிந்தியது. கோப்பையின் விளிம்பு உடைந்தது. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி.

கோப்பையை வார்ப்பு எந்திரத்திடம் கொடுத்தேன். அது ஒட்டித் தராது. இந்த நிலையத்தில் பழுதுபார்ப்பு என்ற பேச்சே இல்லை. உடையாத விளிம்போடு புதிய கோப்பை ஒன்றை வார்க்கும். பிறகு பழையதன் பெயரைப் பிடுங்கிப் புதியதன்மேல் கட்டும். நிலையத்தின் நினைவகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரிலிருந்து பொருளுக்கு ஒரு நூல் உண்டு. நூல் அறுந்த பொருள் குப்பை. அதை அள்ளிப்போய் உருக்க ஒரு துப்புரவு எந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர் வாரியல். எங்கள் பக்கத்தில் துடைப்பத்தை அப்படித்தான் சொல்வோம்.

ஏன் இந்தக் கூத்து என்பீர்கள். இதற்கு முந்தைய நிலையத்தில் எதையும் எவரும் மாற்றலாம். அங்கே பொறுப்பாளர் அறையின் காற்று அளவும், தொழிலாளர் கூடத்தின் காற்று அளவும் நினைவகத்தில் ஒரே பொருளாக இருந்தன. இரண்டு பெயர், இரண்டு நூல், நுனியில் இருந்தது ஒன்றே ஒன்று. யாரும் கவனிக்கவில்லை. பொறுப்பாளர் ஒருநாள் தன் அறையைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது, ஆளில்லாத அறைக்கு எதற்கு இவ்வளவு என்று காற்றைக் குறைத்தார். கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இந்தப் பத்தியில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைப் போன்ற நிரலாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்தோம்: இனி ஆக்கியது ஆக்கியதுதான், யாரும் தொட்டு மாற்றக்கூடாது, மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஆக்கிக்கொள்.

சட்டத்துக்குள் வராமல், படுத்த ஆளையே தொட்டுக் குணப்படுத்தும் மருத்துவக் கட்டில் மட்டும் தனியாகத் திமிறிக்கொண்டிருந்தது. இன்று அதையும் அடக்கினேன். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுத யாருக்குப் பொறுமை? எல்லாப் பொருளுக்கும் மேலே, வேரில், ஒரே வரி: எதுவும் மாறாது. அந்த வேரின் கீழே வருவதெல்லாம் அந்த வரியைத் தானாக வாங்கிக்கொள்ளும். கட்டிலையும் கொண்டுபோய் அங்கே ஒட்டவைத்தேன். பிரபஞ்சத்தையே ஒற்றை வரியில் கட்டிப்போட்டவன் என்று எனக்குச் சிலை வைப்பவர்கள் தொப்பையைக் குறைத்துச் செதுக்கவும்.

07:45. வந்த தகவல்

பேராச்சி பேசினாள். என் அக்காள் மகள். சரக்குக் கப்பல் ஓட்டுகிறாள். என் பணிக்காலம் இன்றோடு முடிகிறது. என்னை ஏற்றிக்கொள்ள வந்துகொண்டிருக்கிறாள். பேச்சை அப்படியே பதிகிறேன்.

"மாமா, உசுரோட இருக்கியளா?"

"ஏட்டி, எமன் நேத்து வந்தான். எம் மொகத்தப் பாத்து வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டான்."

"அளந்தது போதும். ஒத்த சீட்டுதான் காலி. மூட்டை முடிச்சோட வந்து நிக்காதிய. வந்தா ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது, எரிபொருள் அம்புட்டுதான் இருக்கு."

"வா, வா. காலையில ஒத்த வரியில நிலையத்தையே அடக்கிட்டேன், தெரியுமா?"

"கட்டிலயும் சேத்துட்டியளா? ஒண்ணொண்ணா பாத்து எழுதுங்கன்னு எத்தன மட்டம் சொன்னேன்! சட்டிபானைக்கும் மனுசனுக்கும் ஒரே வரியா மாமா?"

"மனுசன் என்னட்டி தங்கத்துலயா செஞ்சிருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மையின் பிள்ளை.

09:20. காயம்

ஒன்பது கை அரக்கன் ஒருவன் சரக்கறைக்குள் நுழையப் பார்த்தான். எட்டுக் கைகளை முறுக்கி எறிந்தேன். ஒன்பதாவது கை என் இடது சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. கைக்கு வாய் ஏது என்று கேட்பவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

அலுவல் விவரம்: ஊறுகாய் டப்பா எடுக்கப் போனேன். கதவு விரலைக் கவ்வியது. எலும்பு முறிவு. வலி மட்டும் மிகையில்லை. மருத்துவக் கட்டிலில் படுத்து, விரலைச் சரிசெய் என்று சொல்லப்போகிறேன். கையில் இந்தப் பதிவுப் பலகை திறந்தே இருக்கிறது.

10:05. மருத்துவ அறை

கட்டில் மயக்க மருந்து கொடுத்தது. விழித்தேன். விரல் அப்படியே வீங்கிக் கிடந்தது.

எந்திரத்தைத் திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வார்ப்பு எந்திரம் திறந்திருந்தது. அதிலிருந்து ஓர் ஆள் இறங்கிச் சோம்பல் முறித்தான். அந்த வழுக்கை என்னுடையது. அந்தத் தொப்பையும். இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி ஐந்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தான். ஆணியில் தொங்கிய என் சட்டையை மாட்டிக்கொண்டான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதற்குத் திரும்ப வேண்டும்? அவனுக்குத் தெரிந்தவரை, விரல் வலியோடு படுத்தான், வலி போய் எழுந்தான். சீட்டியடித்துக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தான். நான் அடிக்கும் அதே சீட்டி, அதே இடத்தில் சுருதி விலகியது.

நிலையத்தின் அறிவிப்பு:

"கொம்பையா. விரல் திருத்தத்துடன் புதியது வார்க்கப்பட்டது. பெயர் புதியதன்மேல் கட்டப்பட்டது. பழையது விடுவிக்கப்பட்டது."

விடுவிக்கப்பட்டது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவனே நான்தான். உருக்கப்படும் என்று எழுத மனம் வரவில்லை.

நேரம்: கேட்டேன். நிலையம் பதில் சொல்லவில்லை

கதவு எனக்குத் திறக்கவில்லை. விளக்கு எனக்கு எரியவில்லை. பெயரில்லாதவன் கேட்டால் இந்த நிலையத்தின் காதில் விழாது. பலகை மட்டும் முன்பே திறந்திருந்ததால் எழுதுகிறது.

முதல் யோசனை: வேரில் உள்ள வரியை மாற்றிவிடுவது. சிரித்துவிட்டேன். அந்த வரியும் ஒரு பொருள். அதற்கும் அதே வேர். எதுவும் மாறாது. அதன் இடத்தில் புதிய வரி வைக்கலாம். ஆனால் வைக்கப் பொறுப்பாளரின் பெயர் வேண்டும். பெயர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து காப்பி கலக்கிக்கொண்டிருக்கும்.

நேரம் தெரியாது. வாரியல்

வந்துவிட்டது.

இடுப்பளவு உயரம். முன்னால் ஒரு தட்டு. பின்னால் உருக்கும் வாய். தட்டில் என் காலைக் கோப்பை, விளிம்பு உடைந்தது, இன்னும் உருகாமல் கிடந்தது. அதை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டேன். ஒரு பொருளை இன்னொன்று பிடித்திருந்தால் அள்ளாது என்பது விதி. நான் கோப்பையைப் பிடித்தேன், கோப்பையின் கைப்பிடி என் விரலைப் பிடித்தது. வாரியல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பெயரில்லாத இரண்டு பேர் ஒருவரையொருவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கணக்கில் சேராது. அதையும் எழுதியது நான்தான். அன்றைக்கு அதற்காகக் கைதட்டினார்கள்.

என் கணுக்காலைப் பற்றியது. முரட்டுத்தனமே இல்லை. கீழே விழுந்த காகிதத்தை எடுப்பது போல எடுத்தது.

கோப்பை கைநழுவித் தட்டிலேயே விழ, சுவரில் தொங்கிய விண்ணுடையை எட்டி இழுத்து அதன் ரேடியோவைத் தட்டினேன். அது நிலையத்தின் வழியாகப் போகாது, நேரே கப்பலுக்குப் போகும்.

"பேராச்சி! ஏட்டி, பேராச்சி!"

"என்ன மாமா, ஏன் கத்துதிய?"

வாரியலின் பிடி தளர்ந்தது. இரண்டடி பின்னால் போய் நின்றது. அவளுக்குப் பெயர் உண்டு; அவள் குரல் என்னை வந்து தொடுகிறது; அது ஒரு நூல். அவள் பேச்சு அறாதவரை நான் குப்பை இல்லை.

நேரம் தெரியாது. தகவல் தொடர்கிறது

நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நேராகச் சொன்னதால் எனக்கே பொய் போலக் கேட்டது.

"மாமா, இப்பத்தான நிலைய ரேடியோல பேசுனிய? விரல் சரியாயிட்டுன்னு சொன்னிய?"

"அது நான் இல்லட்டி. அதாவது நான்தான். ஆனா நான் இல்ல."

"நல்லா வெளங்குது."

"லைனக் கட் பண்ணிராத! கட் பண்ணா எங் கத முடிஞ்சுது."

"சரி, ஒண்ணு கேக்கேன். எங்கம்மை கல்யாணத்தன்னைக்குத் தாலிய நீங்க எடுத்துட்டு வர லேட் ஆச்சுல்லா. என்ன காரணம் சொன்னிய?"

"ரோட்டுல யானை படுத்துக் கெடந்துச்சுன்னேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். வாரியல் முன்னால் வந்தது. அவள் குரல் திரும்பியதும் நின்றது.

"அங்க கேட்டேன். அவரும் யானைன்னுதான் சொல்லுதாரு. ரெண்டு பேரும் ஒரே புளுகத்தான் சொல்லுதிய."

"அவன்கிட்ட என்னையப் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன். பதிவேட்டுல கத எழுதிப் பேசிப் பாத்தேன், அந்தப் பழைய பதிவு ரேடியோல திரும்பத் திரும்ப ஓடுது, காதுல வாங்காத மருமவளேன்னு சொல்லுதாரு."

அது நான் சொல்லியிருக்கக்கூடிய பொய். அவ்வளவு சட்டென்று, அவ்வளவு இலகுவாக, ஒரு சிரிப்பையும் சேர்த்து. ஆக, நான் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒற்றை இருக்கை இருப்பதும் தெரியும்.

"பேராச்சி, ஓடுற பதிவு ஒன் கேள்விக்குப் பதில் சொல்லுமா?"

"சொல்லாது" என்றாள். குரல் மாறியிருந்தது. "மாமா, உங்களுக்கு வேற ஒரு பேரு கட்ட முடியாதா? எந்தப் பேருன்னாலும்?"

"முடியும். பொறுப்பாளர் ஒரு பொத்தான அமுக்கணும்."

"பொறுப்பாளர் நீங்கள்லா?"

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நேரம் தெரியாது

பேச்சு அறாமல் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த புரட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். தாமிரபரணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனது. ஒரே தும்மலில் மூன்று தெருத் தேரையும் இழுத்தது. அவள் நடுநடுவே "ம்" போட்டாள். ஒவ்வொரு "ம்"முக்கும் வாரியல் அரையடி பின்னால் போனது. ஆள் ஒருவனின் ஆயுசை "ம்" கணக்கில் அளக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே அவனைப் புளுகன் என்றிருப்பேன்.

பிறகு அவள் சொன்னாள்:

"மாமா, கப்பல் டிரைட்டனுக்குப் பின்னால போவப்போவுது. கொஞ்ச நேரம் சத்தம் கேக்காது. திரும்பி வந்ததும் நேரா வாசல்ல வந்து கட்டுதேன். அதுவரைக்கும் எப்படியாவது..."

"வழி இல்லையாட்டி? சுத்தாம வர முடியாதா?"

"இருந்தா வரமாட்டேனா மாமா? எரிபொருள் இல்ல. அவருகிட்டயும் சொல்லிட்டேன். வந்து பாத்து ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பேரையும் ஒரே சீட்டுல போட்டுக் கட்டிக் கூட்டிட்டுப் போறேன், என்ன ஆனாலும் சரின்னு சொல்லிட்டேன். அவரு ஒடனே லைனக் கட் பண்ணிட்டாரு."

கப்பல் எடை கூடினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

நேரம் தெரியாது. குழாய்ப் பாதை

மருத்துவ அறையின் கூரையில் பராமரிப்புக் குழாய் இருக்கிறது. அதற்குக் கதவு இல்லை. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தேன். விண்ணுடையைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு தவழ்கிறேன். அவள் இன்னும் லைனில் இருக்கிறாள். குரல் தேய்கிறது. பின்னால் வாரியலின் சக்கரச் சத்தம்.

கட்டுப்பாட்டு அறை வாசலில் இறங்கிவிட்டேன். கதவுக்கு அப்பால் அவன்.

தட்டினேன். கதவின் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்கும்.

"ஏலே கொம்பையா, தெற. சீட்டு ஒனக்குத்தான், நீயே போ. எனக்கு ஒரு பேரு மட்டும் கட்டிவிடு. எந்தப் பேருன்னாலும் சரி. பீப்பாய்னு கட்டு, வாளின்னு கட்டு. நான் இங்கயே கெடந்துக்கிடுதேன்."

சீட்டி நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவுக்கு அருகில் வந்து நிற்கிறான். மூச்சு கேட்கிறது.

அவன் இடத்தில் நான் இருந்தால்?

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. எனக்குப் பெயர் கிடைத்தால் பேராச்சி வந்ததும் இரண்டு பேரையும் பார்ப்பாள். ஒருவனை விட்டுப் போகச் சம்மதிக்கமாட்டாள். கனம் கூடிய கப்பலைக் கிளப்புவாள். அது வீடு போய்ச் சேராது. அல்லது கடைசி நிமிடத்தில் அவள் யாரையாவது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்; விரல் உடைந்தவன்மேல் அவளுக்கு இரக்கம் வரும். அவன் இதையெல்லாம் கணக்குப் போட்டிருப்பான். நான் போட்டுவிட்டேன் அல்லவா? நான் போட்டது அத்தனையும் அவனும் போட்டிருப்பான். என்னைவிடச் சற்று முன்பே.

நான் திறக்கமாட்டேன்.

தெரிந்தும் தட்டுகிறேன்.

நேரம்

பேராச்சி குரல் போய்விட்டது. இரைச்சல்.

வாரியல் குழாயிலிருந்து இறங்கிவிட்டது. வழி தெரிந்து வைத்திருக்கிறது. கோப்பை தட்டில் இல்லை.

பேராச்சி, கேக்குதா? கேக்கலயா? கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கிறேன். ஒருநாள் பாரு நான் சூரியனை அடுப்பில் ஏற்றி

தட்டுகிறேன் எழுதுகிறேன் ஒரு கையால் தட்டி ஒரு கையால்

ஏலே தெற. ஏலே நான்தாம்ல. நீதாம்ல

கால்

பேரு ஏதாவது ஒரு பே

13:50. பொறுப்பாளர் பதிவு. கொம்பையா

மகாசனங்களே! மேலே கண்டது அனைத்தும் அடியேன் கைவண்ணம். தனிமையில் பொழுது போகாத ஒரு நிரலாளன் தன்னையே இரண்டாகப் பிளந்து விளையாடிய விளையாட்டு. அழிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, பதிவேடும் அந்த வேரின் கீழே வந்துவிட்டது. எழுதியது எழுதியதுதான். கீழே சேர்க்க மட்டும் முடிகிறது. எனவே சேர்க்கிறேன்.

பேராச்சி டிரைட்டனைச் சுற்றி வந்துவிட்டாள். வாசலில் கப்பலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் கேட்டாள்:

"மாமா, உள்ள எத்தன பேரு இருக்கிய?"

"ஒருத்தன்தாம்ட்டி. வேற யாரு இருக்கா?"

இந்தப் பதிவேட்டைக் கப்பலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பயணத்தில் படிப்பாளாம். அனுப்பாமல் இருக்கக் காரணம் ஒன்று யோசித்தேன். யானை என்றால் இந்த முறை எடுபடாது.

ஆகையால் மருமகளே, நீ படிக்கும்போது குழம்பாமல் இருக்க ஒழுங்காகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நெப்டியூனை நான் பிடித்து நிறுத்தவில்லை. அரக்கனுக்கு ஒன்பது கை இல்லை, அரக்கனே இல்லை. தாமிரபரணி அது கிடக்கும் இடத்திலேயே கிடக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்கவில்லை. ரேடியோவில் உன்னோடு பேசியது பழைய பதிவு. வாரியல் இன்று அள்ளியது ஒரு கோப்பை மட்டும். எல்லாம் புளுகு. உன் மாமன் புளுகன் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே.

ஒன்றே ஒன்று, சின்ன விஷயம், அது மட்டும் உண்மை. கதவு தட்டப்பட்டது. ரொம்ப நேரம். நான் கைப்பிடியில் கை வைத்து நின்றிருந்தேன்.